இன்சுலின் தெரிந்தால் பீட்டா செல்லா?

அன்புள்ள ஐயா,

கணையம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஸ்டெம் செல் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். செல்லுக்குள் இன்சுலின் இருப்பதை ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டித்தரும் பொருள்) காட்டிவிட்டால் அது பீட்டா செல், அதாவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்தானே? அப்புறம் எதற்கு இத்தனை அடையாளப் புரதங்களைத் தேடச் சொல்கிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அது மட்டும் போதாது. இந்த இடத்தில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். எலியின் கரு ஸ்டெம் செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை உருவாக்கியதாக 2001இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2003இல் அதே இதழில் வேறொரு குழு அந்தச் செல்களின் குட்டை உடைத்தது. அவற்றில் இருந்தது இரவல் நகை. செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவமான மீடியத்தில் கலந்திருந்த இன்சுலினை உறிஞ்சி வைத்திருந்தன, அவ்வளவுதான். பல செல்கள் செத்துக்கொண்டிருந்தன என்பது வேறு விஷயம்.

அதனால்தான் சி-பெப்டைடைத் தேடுகிறோம். செல் முதலில் செய்வது ப்ரோஇன்சுலின். அதை வெட்டும்போது 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலினும், 31 அமினோ அமிலம் கொண்ட சி-பெப்டைடும் பிரிகின்றன. மீடியத்தில் ஊற்றும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. செல்லுக்குள் அது தெரிந்தால் இன்சுலின் சொந்தத் தயாரிப்பு என்று நம்பலாம்.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2006இல் மனிதக் கரு ஸ்டெம் செல்களிலிருந்து வந்த செல்கள் சி-பெப்டைடை வெளியிட்டன, ஆனால் குளுக்கோஸைக் கண்டு பெரிதாக அசையவில்லை. அவற்றில் பல, இன்சுலினோடு, ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் போன்ற ஹார்மோனையும் சேர்த்தே வைத்திருந்தன. ஆகவே சி-பெப்டைடோடு பீட்டா செல்லின் அடையாளப் புரதமான என்கேஎக்ஸ்6.1 இருக்கிறதா, குளுக்ககான் இல்லையா என்று ஒரே செல்லில் பார்க்க வேண்டும்.

பிடிஎக்ஸ்1 என்ற இன்னொரு அடையாளப் புரதத்தை மட்டும் நம்பாதீர்கள். அது இல்லாத எலிக்குக் கணையமே உருவாகாது என்பது 1994இலேயே தெரிந்ததுதான். ஆனால் முன்சிறுகுடல் செல்களிலும் அது இருக்கும். நியூரோஜெனின்3 என்ற புரதம் இன்னும் மோசம்: ஹார்மோன் செல்லாக மாறும் வழியில் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். தவறான நாளில் செல்களை (அன்றிருந்தபடியே ரசாயனத்தால்) நிலைப்படுத்தினால் கண்ணிலேயே படாது. எலிப் பாடத்தை அப்படியே மனிதனுக்கு ஒப்பிக்கவும் முடியாது. வளர்ந்த எலியின் பீட்டா செல்லில் மாஃப்பி என்ற புரதம் அணைந்துவிடும், மனிதனில் அது தொடரும்.

உங்கள் வேலைக்கு வருவோம். புது ஆன்டிபாடி வந்தால் முதலில் நிஜக் கணையத் துண்டில் போட்டுப் பாருங்கள். பீட்டா செல்கள் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மட்டும் ஒளிர்ந்து, சுற்றியுள்ள செரிமான நொதி செல்கள் இருட்டாக இருக்க வேண்டும். புரதத்தில் ஒட்டும் முதல் ஆன்டிபாடியைப் போடாமல், அதன்மேல் ஒட்டி ஒளிரும் இரண்டாவதை மட்டும் போட்ட ஸ்லைடு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதுவும் ஒளிர்ந்தால், உங்கள் செல்களைப் பற்றி அன்று எதுவும் எழுதாதீர்கள்.