ஆற்று மணலில் அஸ்திவாரம் தோண்டாமல் கல்லணை நின்றது எப்படி?

கல்லணை காவிரி டெல்டாவின் தலைமடை. காவிரி நீர் அதன் கிளையாறான கொள்ளிடத்தில் இறங்கி வீணாகாமல் தடுக்க எழுந்தது. சோழன் கரிகாலன் கட்டியதாக மரபு. நீளம் சுமார் 1080 அடி.

பாறை தேடித் தோண்டவில்லை. பெருங்கற்களை மணல்மேலேயே போட்டார்கள். அடியிலிருக்கும் மணலை ஓட்டம் அரிக்க, கல் தானாகப் புதையும். கடலோரம் நிற்கையில் அலை மண்ணை இழுக்க, பாதம் உள்ளே போகுமே, அதேதான். அதன்மேல் அடுத்த கல், நடுவே களிமண். அரிப்பு எட்டாத ஆழத்தில் கல் நின்றுவிடும். அவசரப்பட்டால் கட்டு சரியும். கல்லை ஆறுதான் இருத்த வேண்டும். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போட இங்கேதான் கற்றோம் என்று 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதினார். எவ்வளவு பெரிய அறிவு!

இன்று தெரியும் மதகுகளும் பாலமும் கரிகாலன் கட்டியவை அல்ல, ஆங்கிலேயர் காலத்தில் சேர்ந்தவை.