கிளட்ச் மிதித்தால் முட்டி வலிக்கிறதா? கேள்விகளும் பதில்களும்

கோவையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். முட்டி வலியோடு கியர் வண்டி ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். முட்டிக்கு வைத்தியம் எலும்பு மருத்துவரிடம். கிளட்ச்சுக்கு வைத்தியம் இங்கே.

கேள்வி (சேலம், 2011 ஆல்டோ): அண்ணா, இரண்டு மூன்று வருடமாக கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துவிட்டது. டவுனுக்குள் அரை மணி நேரம் ஓட்டினால் இடது முட்டி வீங்குகிறது. மெக்கானிக் "பழைய வண்டி அப்படித்தான், பழகிடும்" என்கிறார். பழகிக்கொள்ள வேண்டியதுதானா?

பழகிக்கொள்ளவே கூடாது. புதிதில் இளகி இருந்த பெடல் இன்று கனக்கிறது என்றால் வண்டியில் கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறை உங்கள் முட்டி சுமக்கிறது, அவ்வளவுதான்.

ஆல்டோவில் இருப்பது கேபிள் கிளட்ச். பெடலை மிதித்தால் உறைக்குள் ஓடும் கம்பி இழுபடும். அது கியர்பாக்ஸ் மேலுள்ள ஃபோர்க் கையை இழுக்கும். உள்ளே ரிலீஸ் பேரிங் போய், கிளட்ச் பிளேட்டை இன்ஜினோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை அழுத்தும். பிளேட் விடுபடும். இந்த வழியில் எங்கே பிடித்தாலும் கனம் உங்கள் காலுக்குத்தான் வரும். ஆகவே முதலில் எங்கே பிடிக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு பெடலைக் கையால் அழுத்துங்கள். தடையே இல்லாமல் இறங்க வேண்டும். இறுகினால் கேபிள் பிரிபிரியாகப் போயிருக்கிறது, இல்லை பெடல் ஷாஃப்ட்டின் புஷ் (உள்வளையம்) காய்ந்திருக்கிறது. இரண்டும் சின்னச் செலவு, அன்றைக்கே முடியும் வேலை. புதுக் கேபிள் போடும்போது பழையது போன பாதையிலேயே, கூர்மையான மடிப்பு இல்லாமல் போகிறதா என்று நின்று பாருங்கள். அவசரத்தில் வேறு ஒயரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் புதுக் கேபிளும் இறுகும்.

பெடல் இளகி இறங்கினால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கம். ஃபோர்க் ஷாஃப்ட் துரு பிடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதுபோல் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கனத்திருந்தால் என் சந்தேகம் பிளேட் மேல். பலருக்கும் இது தெரிவதில்லை: பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அதன் விரல்கள் பேரிங் பக்கமாக எழும்பி நிற்கும். அந்த நிலையில் ஸ்பிரிங்கை அழுத்த முன்பைவிட அதிக பலம் வேண்டும். கூடவே பெடலின் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை தொடங்கும்முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) குறையும், பெடலை விடும்போது வண்டி நகரத் தொடங்கும் இடம் மேலே மேலே போகும். கனத்த பெடலும் உச்சியில் பிடிக்கும் கிளட்ச்சும் சேர்ந்து இருந்தால் பிளேட்டுக்கு வயதாகிவிட்டது. ஓட்டுபவர் காலைப் பொறுத்து 40,000 கிலோமீட்டரிலும் போகும், லட்சம் தாண்டியும் ஓடும்.

மாற்றுவதானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை. இறக்கிய பின் பேரிங்கில் மிச்சம் பிடிப்பது வீண். ஃபோர்க் ஷாஃப்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): கேபிளுக்குள் எண்ணெய் விட்டால் இளகிவிடும் என்கிறார்களே?

உள்ளே பிளாஸ்டிக் குழல் உள்ள கேபிளுக்கு எண்ணெய் வேண்டாம். நாலு நாள் இளகும், பிறகு தூசி சேர்ந்து பசையாகும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை): என் வண்டியில் கேபிளே இல்லை, ஆயிலில் வேலை செய்யும் கிளட்ச் என்றார்கள். பெடல் கனமாக இருக்கிறது, மிதித்துவிட்டால் மெதுவாகத்தான் மேலே வருகிறது. வயதானதால் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ?

இல்லை அம்மா, உங்கள் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெடல் மெதுவாக மேலே வருவது நல்ல அறிகுறி இல்லை. பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டர் அல்லது கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் உப்பியிருக்கலாம், ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். சமீபத்தில் யாராவது ஆயில் நிரப்பினார்களா என்று யோசியுங்கள். இதற்கு பிரேக் ஃப்ளூயிட் மட்டுமே ஊற்ற வேண்டும், மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் சீல் உப்பிவிடும். பல வண்டிகளில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. அப்படியானால் பிரேக்கும் ஆபத்தில் இருக்கிறது. தவறான ஆயில் கலந்ததாகச் சந்தேகம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

ஆயில் சரியாக இருந்தால் இன்னொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் பெடலுக்கு மேலே ஒரு உதவி ஸ்பிரிங் இருக்கும். பெடல் பாதி இறங்கியதும் அது நமக்குச் சாதகமாகத் திரும்பி, மீதித் தூரத்துக்குக் கீழே தள்ளும். அதன் பிளாஸ்டிக் புஷ் உடைந்தால் பெடல் திடீரென்று கனக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

கேள்வி (விழுப்புரம்): கிளட்ச் ஹார்டா இருக்கு. என்ன பண்ணலாம்?

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (மதுரை): நான் ஐந்தடி உயரம் அண்ணா. பெடல் இளகித்தான் இருக்கிறது, மெக்கானிக்கும் பார்த்துவிட்டார். ஆனாலும் முட்டிச்சில்லுக்குப் பின்னால் குத்துகிறது.

அப்படியானால் சீட்டைப் பாருங்கள் தங்கச்சி. பத்துப் பேர் வலி என்று வந்தால் அதில் பலருக்கும் சீட் தப்பாக இருக்கும், பைசா செலவில்லாமல் சரியாகும்.

இரண்டு தவறுகள் உண்டு. சீட்டைப் பின்னால் வைத்து, கால் முழுதும் நீண்டு விரல் நுனியால் மிதிப்பது ஒன்று. ரொம்ப முன்னால் தள்ளி, முட்டி மடங்கி ஸ்டியரிங்கை ஒட்டி இருப்பது இன்னொன்று. உயரம் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். முட்டி அதிகம் மடங்கிய நிலையில் பலம் கொடுக்கும்போதுதான் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும்.

இன்ஜினை அணைத்துவிட்டு, இடுப்பு சீட்டின் மூலையில் நன்றாகப் பதியும்படி உட்காருங்கள். கிளட்ச்சைத் தரைவரை மிதியுங்கள். அந்த நிலையில் முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும், விறைத்து நிற்கக் கூடாது. அதற்கு ஏற்றபடி சீட்டை நகர்த்துங்கள். பிறகு சீட்டை உயர்த்துங்கள். உயர்த்தும்போது தொடை கீழ்நோக்கிச் சாய்ந்து முட்டி மடிப்பு குறையும். உயரம் மாற்றும் வசதி இல்லாத வண்டி என்றால் கெட்டியான, நழுவாத குஷன் ஒன்று போதும். மெத்தென்ற தலையணை வேண்டாம், மிதிக்கும்போது இடுப்பு பின்னால் போகும். பாதத்தின் முன்பகுதியால் மிதியுங்கள். மிதிக்காதபோது காலை கிளட்ச் மேல் தொங்கவிடாமல் இடது ஓரத்தில் வையுங்கள். தடித்த அடி உள்ள செருப்பு, ஹவாய் செருப்பு இரண்டும் வேண்டாம்.

கேள்வி (சென்னை, ஓஎம்ஆர்): சிக்னலில் முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்பேன். டிரைவிங் ஸ்கூலில் அப்படித்தான் சொன்னார்கள்.

நியூட்ரலுக்கு வாருங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், காலை எடுங்கள். ஒரு சிக்னலில் ஒன்றரை நிமிடம் மிதித்து நிற்பதை உங்கள் சாலையில் எத்தனை முறை செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முட்டிக்கும் கேடு, ரிலீஸ் பேரிங்குக்கும் கேடு. ஊர்ந்து போகும் நெரிசலில் முன் வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நீங்களும் நகர வேண்டியதில்லை. கொஞ்சம் இடைவெளி சேரட்டும், பிறகு முதல் கியரில் கிளட்ச்சை முழுதும் விட்டுவிடுங்கள். ஆக்சிலரேட்டர் தொடாமலே வண்டி நடக்கும் வேகத்தில் போகும்.

கேள்வி (ஈரோடு): எங்கள் ஊரில் ஒரு லேத்காரர் கிளட்ச் பெடல் கையை வெட்டி இரண்டு அங்குலம் நீட்டி வெல்டிங் வைத்துத் தருகிறார். பூப்போல ஆகிவிடுகிறதாம். செய்யலாமா?

செய்யாதீர்கள். பெடலில் வெல்டிங் வைக்கவே கூடாது. ஓட்டும்போது அது முறிந்தால் கிளட்ச்சை எப்படி மிதிப்பீர்கள், கியரை எப்படி மாற்றுவீர்கள்?

கேள்வி (கரூர், இன்ஜினியரிங் மாணவர்): அண்ணா, நெம்புகோல் நீளம் கூடினால் விசை குறையும் என்பது விதி. வெல்டிங் வேண்டாம் என்றால் சரி, ஒரே துண்டாக நீளமான பெடல் செய்து போட்டால் என்ன தப்பு?

விதி சரிதான் தம்பி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். ஒரு கணக்குக்கு, பெடல் திரும்பும் அச்சிலிருந்து பெடல் கை 25 சென்டிமீட்டர், கேபிள் கொக்கி 5 சென்டிமீட்டர் தூரம் என்று வை. ஐந்துக்கு ஒன்று. கிளட்ச் முழுதாக விடுபடக் கேபிள் 2.5 சென்டிமீட்டர் நகர வேண்டுமானால் கால் 12.5 சென்டிமீட்டர் மிதிக்க வேண்டும். இப்போது கையை 30 ஆக்கு. பலம் 12 கிலோவிலிருந்து 10 கிலோவாகக் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிதிக்கும் தூரம் 15 சென்டிமீட்டர் ஆகும். அந்தக் கூடுதல் தூரத்துக்கு வண்டியில் இடம் எங்கே? தரை அதே இடத்தில்தான் இருக்கிறது. 12.5லேயே தரை தட்டினால் கேபிள் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் நகரும். பிளேட் முழுதாக விடாது.

கேள்வி (ஈரோடு, மீண்டும்): என் மாமா அப்படித்தான் ஓட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லையே.

ரிவர்ஸ் போடும்போது "கிர்ர்" என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிளேட் பாதி ஒட்டியபடி கியர் மாற்றினால் கியர்பாக்ஸில் கியர்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ வளையங்கள் அரைபடும். கிளட்ச் செட்டைவிடப் பெரிய செலவு அது.

கேள்வி (நாமக்கல், லாரி உரிமையாளர்): எங்கள் வண்டிகளில் அத்தனை பெரிய கிளட்ச்சை டிரைவர் சுலபமாக மிதிக்கிறாரே. அதைக் காரில் செய்ய முடியாதா?

இந்த விவாதத்தில் சரியான கேள்வி உங்களுடையது அண்ணே. லாரியிலும் பஸ்ஸிலும் காற்றழுத்த கிளட்ச் பூஸ்டர் இருக்கிறது. பிரேக்குக்காக கம்ப்ரசர் அடித்துவைத்த காற்றிலிருந்து அது பலம் எடுக்கிறது. நெம்புகோல் பலத்தைத் தூரமாக மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். பூஸ்டர் வெளியிலிருந்து புதுப் பலம் கொண்டுவருகிறது. காரில் அந்தக் காற்று இல்லை. அதற்குப் பதில் மோட்டார் அல்லது இன்ஜின் வேக்குவம் மூலம் கிளட்ச்சை இழுக்கும் கருவிகள் விற்கிறார்கள், கியர் குமிழில் பொத்தான் வைத்துத் தருவார்கள். கால் செயலிழந்தவர்களுக்கு இது பெரிய உதவி. பொருத்தும் முன் ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வாங்குங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டி வரும்.

கரூர் தம்பி மறுபடியும், ஃபோர்க் கையை நீட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறார். அதே கணக்குதான். நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): முட்டி வலியோடு வால்பாறை போகலாமா? நாற்பது கொண்டை ஊசி வளைவு.

ஏறும்போது இரண்டாம் கியரில் நிதானமாகப் போங்கள். வளைவில் திணறினால் முதல் கியர் போடுங்கள், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி (ஹாஃப் கிளட்ச்) இழுக்காதீர்கள். மேட்டில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட்பிரேக்கில் நில்லுங்கள். இறங்கும்போது அதே தாழ்ந்த கியர், வளைவுக்கு வளைவு மாற்ற வேண்டியதில்லை. காலுக்கு ஓய்வு என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். வலி அதிகமுள்ள நாளில் வேறு யாராவது ஓட்டட்டும்.

கேள்வி (திருச்சி): இடது முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம். எப்போது ஓட்டலாம்?

அறுவை செய்த மருத்துவர் சொல்லும் தேதியில்தான், ஒரு நாளும் முன்னதாக வேண்டாம்.

கேள்வி (வேலூர்): எனக்கு வலது முட்டியில் வலி. ஆட்டோமேட்டிக் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும். ஆட்டோமேட்டிக்கிலும் அதே கால்தான். அவசரத்தில் முழு பலத்தோடு பிரேக் மிதிக்க முடியவில்லை என்றால் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை தூக்கம் தருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): கிளட்ச் கனமாக உள்ளது, தீர்வு?

சேலம் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர், கேபிளா ஆயிலா என்று சொல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி (கோவை): மருத்துவர் கிளட்ச்சே வேண்டாம் என்றுவிட்டார். எந்த வகை வண்டி வாங்கலாம்?

குறைந்த செலவு என்றால் ஏஎம்டி. 2014இல் மாருதி செலேரியோவில் வந்து சின்ன வண்டிகளில் பரவியது. உள்ளே சாதாரண கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான், கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் கருவி செய்கிறது. அதனால் பிளேட் அதிலும் தேயும். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திவைக்காமல் பிரேக் போட்டு நில்லுங்கள். கியர் மாறும்போது சின்ன உலுக்கல் இருக்கும். கியர் போடும் ஆசை விடவில்லை என்றால் ஐஎம்டி இருக்கிறது. 2020இல் ஹூண்டாய் வென்யூவில் வந்தது. கியர் லிவர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. வழுவழுவென்று ஓட வேண்டும் என்றால் சிவிடி அல்லது டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக், விலை கூடும். மின்சாரக் காரில் இந்தப் பிரச்சினையே இல்லை. எதை வாங்கினாலும் நெரிசல் நேரத்தில் அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): போன மாதம் புது கிளட்ச் செட் போட்டேன். இன்னும் கனமாகவே இருக்கிறது. ஓட ஓட இளகும் என்கிறார்கள்.

இளகாது. கேபிள் வண்டியாக இருந்து பழைய கேபிளையே மாட்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அடுத்து, போட்ட பிரஷர் பிளேட் உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று பெட்டியிலுள்ள பார்ட் நம்பரை வைத்துச் சரிபாருங்கள். போலி செட்டும் சந்தையில் உண்டு. மூன்றாவது, ஃபோர்க் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் வைத்தார்களா என்று கேளுங்கள். அதே மாடல் வண்டி ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய், இரண்டு பெடலையும் அந்த மெக்கானிக்கையே மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில் கையில் இருக்கட்டும், வேலைக்கு வாரண்டி உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.