பனை விழுந்த வருஷம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நண்டலாற்றங்கரையில், காரைக்கால் எல்லையை ஒட்டி இருக்கிறது. குடமுழுக்கு மலருக்காக ஊர் வரலாறு எழுதுகிறேன். 40 பக்கம் ஆகிவிட்டது. சோழர், நாயக்கர், மராத்தியர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் என்று சுற்றிலும் ஆட்சி மாறியதில் நாங்கள் யார் என்றே பிடிபடவில்லை. ராஜராஜனிலிருந்து தொடங்கலாமா?

பி.கு: என் பாட்டி காரைக்கால் பக்கம் நெடுங்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

க.

அன்புள்ள க.,

ராஜராஜனை விடுங்கள். அவர் இல்லாத குடமுழுக்கு மலரை நான் பார்த்ததில்லை. தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர் வந்தது 1620, ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது 1845. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739. அரைப் பக்கம் போதும்.

40 பக்கம் எழுதியவர் பாட்டியைப் பின்குறிப்பில் தள்ளியிருக்கிறீர்களே, உங்களை என்ன செய்வது? அவர் கல்யாணம், பிரெஞ்சுக்காரர் காரைக்கால் நிர்வாகத்தை விட்டுப் போன 1954 நவம்பர் 1-க்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் பெண் வேறு தேசத்திலிருந்து வந்திருக்கிறாள். சீர்வரிசையைச் சுங்கச்சாவடியில் பிரித்துப் பார்த்தார்களா? கேட்டீர்களா?

என் அப்பாயிக்கு வீடு இந்தப் பக்கம், மூன்று மா நஞ்சை அந்தப் பக்கம், திருநள்ளாற்றுக்கு அருகே. தகரப்பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து என்னை வாசிக்கச் சொல்வார். ‘பனைமரத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று போகும். பிரான்ஸ் மேலே முத்திரையில் மட்டும்தான். அந்தப் பனை 1952 புயலில் சாய்ந்தது. அப்புறம் பக்கத்து வயல்காரர் வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம் வரப்பை அரிந்து உள்ளே வந்தார். எல்லை மாறியது என்றால் அப்பாயிக்கு அதுதான். “பிரெஞ்சுக்காரன் எப்பப் போனான் அப்பாயி?” என்றால், “பனை விழுந்து ரெண்டாம் வருஷம்” என்பார். கணக்கு சரியாக இருந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான் என்று பிறகு நான் படித்துச் சொன்னபோது, “அப்ப நடுவுல எட்டு வருஷம் யாருக்கு வரி கட்டுனோம்?” என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

இன்றைக்கும் காவிரியில் காரைக்காலுக்கு 7 டி.எம்.சி. தனிக்கணக்கு. உங்கள் ஊர் வாய்க்கால் எங்கே பிரிகிறது, கடைமடையில் யார் வயல் என்று வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கரைக் கேளுங்கள். எல்லை அவருக்குத்தான் தெரியும்.

பாட்டி இருக்கிறார்தானே? வெற்றிலை வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். நோட்டை வெளியே எடுக்காதீர்கள், பயந்துவிடுவார். குடமுழுக்கு எப்போது? பத்திரிகை அனுப்புங்கள்.