சர்க்கஸில் பெண்கள் கோமாளி வேடம் போட்டதுண்டா? யாராவது ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

உண்டு. இதே கேள்வியை என் மாணவி ஒருத்தியும் என்னிடம் கேட்டிருக்கிறாள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவள். ஆண்டு விழாவுக்காக ஒரு முறை சர்க்கஸ் காட்சி ஒன்றைத் தயார் செய்தோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "எனக்குப் பபூன் வேடம்தான் வேண்டும், டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவளுடைய அம்மா வந்து நின்றார். "வேறு ஏதாவது கொடுங்கள், டீச்சர். ராணி, டான்ஸ், எதுவானாலும் சரி. நாலு பேர் பார்த்துச் சிரிக்கிற வேடம் பெண் பிள்ளைக்கு எதற்கு?" அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. நம் ஸ்பெஷல் நாடக மேடையிலும் பபூன் என்றால் ஆண், அவருக்கு எதிரே ஆடிப் பாடுபவர் பெண் என்றுதானே வழக்கம்? அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குத் தேடத் தொடங்கி நான் போய்ச் சேர்ந்த பெயர் ஆனி ஃப்ராத்தெல்லினி, பிரான்ஸ் நாட்டு சர்க்கஸ் கோமாளி.

முதல் பெண் கோமாளி அவர் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அமெரிக்காவில் 1858இலேயே அமேலியா பட்லர் என்பவர் ஒரு சர்க்கஸில் கோமாளியாக வந்திருக்கிறார். 1895இல் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ், எவெட்டா என்ற பெண்ணை 'ஒரே பெண் கோமாளி' என்று விளம்பரம் செய்தது. அதே ஆண்டு பாரிஸில் ஓவியர் துலூஸ் லோத்ரெக், சா-உ-காவோ என்ற பெண் கோமாளியைப் படமாக வரைந்தார். அந்த ஓவியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒப்பனை அறையில் அவர் மஞ்சள் நிறச் சுருக்குத் துணியை உடையின் மேல் பொருத்திக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு கண்ணாடி. அதில் மாலை நேர உடையணிந்த ஒரு முதிய கனவானின் உருவம் தெரிகிறது. கோமாளி வேடத்துக்குள் புகுந்த பிறகும் அந்தப் பெண் இன்னொருவர் கண்ணுக்குக் காட்சிப்பொருளாகவே இருக்கிறாள். அந்தக் கண்ணாடியை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஆனி செய்ததன் கனம் புரியும்.

ஆனி 1932 நவம்பர் 14 அன்று அல்ஜியர்ஸில் பிறந்தார். குடும்பம் ஐரோப்பா முழுவதும் பேர் பெற்ற சர்க்கஸ் குடும்பம். அவருடைய தாத்தா பால், தாத்தாவின் தம்பிகள் ஃப்ரான்சுவா, ஆல்பர்ட் ஆகிய மூவரும் சேர்ந்ததுதான் 'ஃப்ராத்தெல்லினி மூவர்'. முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு பாரிஸின் மெட்ரானோ சர்க்கஸுக்குக் கூட்டம் அலைமோதியது என்றால் இவர்களுக்காகத்தான். கவிஞர்களும் ஓவியர்களும் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். நாடக இயக்குநர் ழாக் கொப்போ தம் நடிப்புப் பள்ளியில் பாடம் எடுக்க இவர்களை அழைத்தார். ஆனியின் தந்தை விக்டரும் சர்க்கஸ் கலைஞரே.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கோமாளித் தொழில் தானாக வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரவில்லை. ஆண் பிள்ளைக்கு வேடம் சொத்தாகப் போகும். பெண் பிள்ளைக்கு கம்பி, குதிரை, ஊஞ்சல், இசை. ஆனிக்கு இசை வாய்த்தது. சாக்ஸபோன், கான்செர்டினா என்று பல கருவிகளை வாசிக்கக் கற்று, பதின்பருவத்திலேயே மெட்ரானோவில் மேடை ஏறினார். பிறகு சர்க்கஸை விட்டே வெளியேறினார். கூடாரத்தின் பின்னால் ஓடிப்போகும் பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியும். இவர் கூடாரத்திலிருந்து ஓடிவந்த பிள்ளை. இசையரங்குகளில் பாடினார், ஜாஸ் வாசித்தார், திரைப்படங்களில் சிறு வேடங்களில் நடித்தார். இயக்குநர் பியேர் கிரானியே தெஃபேரை மணந்து வாலெரி என்ற மகளைப் பெற்றார். அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை.

திருப்பம் பியேர் எத்தெக்ஸ். இவர் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவரில்லை. சிறு வயதில் சர்க்கஸ் பார்த்து அந்தப் பித்து கடைசிவரை தெளியாமலே வாழ்ந்தவர். நன்றாக ஓவியம் வரைவார். நகைச்சுவைப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சு இயக்குநர் ழாக் தத்தியிடம் உதவியாளராக இருந்தவர். இவர் எடுத்த குறும்படம் ஒன்றுக்கு 1963இல் ஆஸ்கர் கிடைத்தது. 1969இல் வெளிவந்த 'லெ கிராந் அமூர்' என்ற படத்தில் இவரும் ஆனியும் கணவன் மனைவியாக நடித்தார்கள்; அதே ஆண்டு வாழ்க்கையிலும் மணந்துகொண்டார்கள். (எத்தெக்ஸின் படங்கள் உரிமைச் சிக்கலில் மாட்டிப் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2010இல்தான் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தன. கிடைத்தால் பாருங்கள்.) கோமாளிக் குடும்பத்துப் பெண்ணைக் கோமாளி வேடத்தை நோக்கித் திருப்பியது, அந்தக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த இந்த மனிதரின் ஆசைதான் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஐரோப்பிய சர்க்கஸில் கோமாளி இரண்டு வகை. ஒருவர் வெள்ளைக் கோமாளி: மாவு பூசியதுபோல் வெள்ளை முகம், கூம்புத் தொப்பி, ஜிகினா மின்னும் உடை. எல்லாம் தெரிந்தவர், அதிகாரம் செய்பவர். இன்னொருவர் ஓகுஸ்த்: சிவப்பு மூக்கு, தொளதொள கோட்டு, படகு போன்ற செருப்பு. எதைத் தொட்டாலும் சொதப்புபவர், அடி வாங்குபவர். கூட்டத்தின் அன்பு முழுவதும் இவருக்குத்தான். 1971 வாக்கில் எத்தெக்ஸும் ஆனியும் பிண்டர் சர்க்கஸோடு ஊர் ஊராகப் போனார்கள். எத்தெக்ஸ் வெள்ளைக் கோமாளி, ஆனி ஓகுஸ்த். அப்போது ஆனிக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். வெள்ளைக் கோமாளி வேடத்தை அவர் எடுத்திருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். பளபளக்கும் உடை, மிடுக்கான நடை. பெண்ணுக்குப் பொருத்தம் என்றே சொல்லியிருப்பார்கள். அவர் எடுத்தது சிவப்பு மூக்கை. அந்த உடைக்குள் போனால் உடல் வடிவம் மறைந்துவிடும். அழகு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. லோத்ரெக்கின் கண்ணாடியில் தெரிந்த கனவானுக்குப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கம்பியில் நடக்கும் பெண்ணைக் கூட்டம் அண்ணாந்து பார்க்கும், மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஓகுஸ்தைத் தனக்குச் சமமாக, சில நேரம் தனக்குக் கீழாகப் பார்த்துச் சிரிக்கும். அந்த இடத்தில் ஒரு பெண் போய் நிற்க வேண்டும், கூட்டம் கூசாமல் சிரிக்கவும் வேண்டும். அதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்பது ஒத்திகையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

முக்கியமான சிக்கல் கன்னத்தில் விழும் அறைதான். ஓகுஸ்த் என்றால் வெள்ளைக் கோமாளியிடம் கன்னத்தில் வாங்க வேண்டும். ஒரு ஆண் ஒரு பெண்ணை அறைந்தால் அரங்கில் யார் சிரிப்பார்கள்? இதை என் வகுப்பில் செய்து பார்த்தேன். கோமாளிகளின் அறையில் கை கன்னத்தில் படுவதே இல்லை. அடிப்பவர் முகத்துக்குச் சற்று முன்னால் கையை வீசுகிறார். அடி வாங்குபவர் அதே கணத்தில் தன் இரண்டு கைகளையும் தட்டி 'பளார்' என்ற ஓசையை எழுப்பி, தலையைச் சட்டென்று திருப்புகிறார். ஓசை முந்தினாலும் பிந்தினாலும் காட்சி கெட்டுவிடும். முதல் நாள், பபூன் வேடம் கேட்ட அந்தப் பெண் பயந்து கண்ணை மூடினாள். ஓசை வந்தது, தலை திரும்பவில்லை. இரண்டாம் நாள் தலை திரும்பியது, கை தட்ட மறந்துவிட்டாள். நான்காம் நாள் எல்லாம் ஒன்றாகப் பொருந்தி விழுந்தபோது வகுப்பே ஒரு நொடி அதிர்ந்து, பிறகு வெடித்துச் சிரித்தது. அவள் மூச்சு வாங்க என்னிடம் வந்து, "டீச்சர், அடிக்கிறவனுக்கு வேலையே இல்லை. எல்லாம் நான்தான் செய்கிறேன்" என்றாள். ஓகுஸ்த் வேடத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

இனி ஆனியின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். 1970இல் இத்தாலிய இயக்குநர் ஃபெலினி, கோமாளிகளைப் பற்றித் தொலைக்காட்சிக்காக ஒரு படம் எடுத்தார். கோமாளிக் கலை செத்துவிட்டதா என்ற தவிப்போடு பழைய கலைஞர்களைத் தேடிப் போகும் படம் அது. எத்தெக்ஸின் வீட்டுக்கும் போகிறார்கள். ஆனியும் அவருடைய தந்தை விக்டரும் அங்கே இருக்கிறார்கள். ஃப்ராத்தெல்லினி மூவர் நடித்த அரிய படச்சுருள் ஒன்றை எத்தெக்ஸ் ஓட்டிக் காட்ட முயல்கிறார். சுருள் கருவியில் சிக்கி எரிந்துபோகிறது. பேத்தியின் கண் முன்னால் தாத்தாவின் உருவம் கருகி மறைகிறது. ஃபெலினிக்கு அது முடிவின் அடையாளம். ஆனால் அதே அறையில் உட்கார்ந்திருந்த பெண்தான் அடுத்த ஆண்டு சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சில ஆண்டுகளில் அந்தக் கலையைக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளியையும் தொடங்கினார்.

1974இல் எத்தெக்ஸும் ஆனியும் பாரிஸில் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் நடிகை சில்வியா மோன்ஃபோரும் அலெக்சிஸ் க்ரூஸும் சேர்ந்து இன்னொரு பள்ளியைத் திறந்தார்கள். மாஸ்கோவில் 1927 முதலே அரசு சர்க்கஸ் பள்ளி இருந்தது. பிரான்ஸில் அப்படி இல்லை. வித்தை தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகும். வெளியாள் வாசலைத் தாண்ட முடியாது. ஒரு குடும்பத்தில் பிள்ளையில்லை என்றால், அல்லது பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால், நூறு வருட வித்தை அந்த வீட்டோடு முடிந்துபோகும். நம் ஊரில் எத்தனை கூத்துக் குடும்பங்களுக்கு, எத்தனை நாயனக்காரர் வீடுகளுக்கு இதே கதை! தாத்தாவின் பெயரே சொத்தாக இருந்த ஒரு பெண், அந்தச் சொத்தின் கதவைத் தெருவில் போகும் பிள்ளைக்கும் திறந்துவிட்டார். கரணம், கம்பி, ஊஞ்சல், பந்து வீச்சு, நடனம், இசை எல்லாம் அங்கே பாடம். கடைக்காரர் மகனும் வரலாம், அலுவலக ஊழியரின் மகளும் வரலாம். பெண்ணாக இருந்தும் கோமாளியானார் என்பதற்காக ஆனியைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிட இந்தக் கதவு பெரிதாகப் படுகிறது. முதலாவது அவர் தமக்காகத் திறந்துகொண்ட வழி. இரண்டாவதில் அவர் யார் யாரையோ உள்ளே அழைத்தார்.

பிரான்ஸ் அரசு 1980களின் நடுவில் ஷாலோன் நகரில் தேசிய சர்க்கஸ் கலை மையத்தை அமைத்ததற்கும், இன்று அங்கே சர்க்கஸ் ஒரு படிப்பாக மதிக்கப்படுவதற்கும் இந்த முன்னோடிப் பள்ளிகளே பாதை போட்டன. ஆனி 1997 ஜூலை 1 அன்று, 64 வயதில் காலமானார். அவருடைய பள்ளி, ஃப்ராத்தெல்லினி அகாதெமி என்ற பெயரில் 2003 முதல் பாரிஸை ஒட்டிய சேன் தெனியில் நடக்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பிற்காலத்தில் ஆனிக்கு வெள்ளைக் கோமாளியாக இணைந்தவர் அவருடைய மகள் வாலெரி. அம்மா சிவப்பு மூக்கும் தொளதொள கோட்டுமாக நிற்க, மகள் வெள்ளை முகத்தோடு அதிகாரம் செய்கிறாள். ஆண் பிள்ளைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த வேடம் ஒரு தலைமுறையில் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போய்விட்டது.

என் மாணவியின் அம்மாவிடம் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இருந்ததா, டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன்.

விழாவுக்கு முதல் நாள் மாலை ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெரிய செருப்பு கிடைக்காமல் அட்டையை வெட்டி ஒட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே அவர் கணவரின் பழைய கறுப்பு ஷூ. முன்பக்கம் இரண்டிலும் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, கழன்றுவிடாமல் இருக்கக் குதிகாலில் பட்டையான நாடா தைத்திருந்தார். பெஞ்சில் மகளை உட்கார வைத்து, தானே குனிந்து மாட்டிவிட்டார்.

"நடந்து காட்டு. விழாமல் விழத் தெரிய வேண்டும் இல்லையா?" என்றார்.