மனு பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை

சிறையில் இருப்பவரைப் பார்ப்பதற்கு அரசாங்கம் வைத்த பெயர் 'நேர்காணல்'. வாசலில் நிற்கும் நமக்கு அது 'மனு'தான். என் தம்பிக்காக நான் மூன்று வருஷம் மனு போட்டவள். இப்போது சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். தமிழ்நாட்டுச் சிறைகள் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, என் வீட்டுக்காரரை நேற்று ராத்திரி ரிமாண்ட் செய்துவிட்டார்கள். காலையில் புழலுக்குப் போனேன். இந்தப் பேரில் ஆளே இல்லை என்கிறார்கள்.

பதறாதீர்கள், பெரும்பாலும் இது வாசல் மாறிய கதைதான். புழல் என்பது ஒரே சிறை இல்லை. மத்திய சிறை-1 தண்டனை பெற்றவர்களுக்கு, மத்திய சிறை-2 விசாரணைக் கைதிகளுக்கு, பெண்களுக்குத் தனிச்சிறை. நேற்று உள்ளே போனவரை மத்திய சிறை-1இல் தேடினால் கிடைக்க மாட்டார். புழலே இல்லாமல் ஏதாவது கிளைச் சிறைக்கும் அனுப்பியிருக்கலாம். வாரண்டில் எந்தச் சிறை என்று எழுதியிருக்கிறது என வக்கீலையோ அவருடைய குமாஸ்தாவையோ கேளுங்கள்.

வாசல் சரி என்றால் அடுத்த சிக்கல் பெயர். உள்ளே இருக்கும் பதிவேட்டில் இருப்பது ஸ்டேஷனில் எழுதிய பெயர். என் தம்பிக்கு வீட்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், எஃப்.ஐ.ஆரில் பட்டப்பெயரோடு ஒரு பேர். முதல் நாள் எனக்கு இரண்டு மணி நேரம் அதிலேயே போனது. எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் எழுதுங்கள். தகப்பனார் பெயர் மிக முக்கியம். ஒரே பேரில் உள்ளே பத்துப் பேர் இருப்பார்கள், பிரித்துக் காட்டுவது அப்பா பேர்தான்.

மனுவில் என்னென்ன எழுத வேண்டும்? எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது?

அவர் பெயர், தகப்பனார் பெயர், தெரிந்தால் கைதி எண். அப்புறம் பார்க்க வருகிற ஒவ்வொருவரின் பெயர், முகவரி, என்ன உறவு, எதற்காகப் பார்க்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு 'குடும்ப விஷயமாக', 'வழக்கு சம்பந்தமாக' என்றாலே போதும், வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம். ஆதார் அசலும் நகலும் கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். நான் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எனக்கும் முதல் மனுவை எழுதிக் கொடுத்தது யாரோ ஒரு அம்மாதான்.

ஆன்லைனில் பதிவு செய்தால் அலைச்சல் மிச்சமாகுமா?

ஈ-முலாக்காத் என்று மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. முலாக்காத் என்றால் சந்திப்பு. உங்கள் விவரம், அவர் விவரம், எந்தச் சிறை, எந்தத் தேதி என்று நிரப்பிக் கொடுத்தால் சிறையில் பார்த்து ஒப்புதல் தருவார்கள். நேரில் பார்க்கவும் கேட்கலாம், வீடியோ வழியாகவும் கேட்கலாம். ஆனால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வேறு, ஒப்புதல் வேறு. முதல் செய்தி வந்ததுமே பஸ் ஏறிவிட்டு வாசலில் திரும்பினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் காதலிக்கிறோம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மனைவி என்று எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது, தங்கச்சி. ஆதாரிலேயே மாட்டிக்கொள்வீர்கள், அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். 'தோழி' என்றே எழுதுங்கள். 1981இல் பிரான்சிஸ் கொராலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பத்தாரையும் நண்பர்களையும் சந்திப்பது வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லிவிட்டது.

உங்களுக்கு உண்மையான தடை வேறு. அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு எண்ணி வைத்தது. ஒரு முறை நீங்கள் போனால் அவர் அம்மாவுக்கு ஒரு முறை குறையும். அவர் அம்மாவிடம் பேசுங்கள். சிறை அனுமதியைவிட அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் மேல் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். இனி பார்க்கவே முடியாதாமே?

பார்க்கலாம். குண்டாஸ் என்பது தடுப்புக்காவல், அதாவது வழக்கு விசாரணை இல்லாமலே அடைத்து வைப்பது. மேலே சொன்ன 1981 தீர்ப்பே தடுப்புக்காவலில் இருந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில் வந்ததுதான். அவருக்கு மாதம் ஒரே ஒரு சந்திப்பு என்று இருந்த விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. குண்டர் சட்டத்தில் (1982ஆம் வருஷத்து 14ஆம் எண் சட்டம்) 12 மாதம் வரை வைக்கலாம் என்பதால், பார்க்கப் போகும்போது காரியத்தோடு போங்கள். தடுப்புக்காவல் உத்தரவின் நகலை அவரிடம் கொடுத்துவிட்டார்களா, அவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தார்களா, முறையீட்டு மனு அனுப்பினாரா என்று கேட்டு வந்து வக்கீலிடம் சொல்லுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா?

சமைத்ததைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். அவர் கணக்கில் பணம் கட்டுங்கள், உள்ளே கேன்டீனில் வாங்கிக்கொள்வார்.

சோதனை போடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம், ஆனால் உள்ளே விட மாட்டார்கள். 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம் 41ஆம் பிரிவு அப்படி மறுக்க அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதே பிரிவு, இன்னொரு பார்வையாளர் எதிரிலோ கைதி எதிரிலோ சோதனை போடக்கூடாது என்றும் சொல்கிறது. செல்போனை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

அப்பா இன்று காலையில் இறந்துவிட்டார். தம்பி உள்ளே இருக்கிறான், எப்படி அழைத்து வருவது?

இதற்கு மனு பார்க்கும் வரிசையில் நிற்காதீர்கள். தண்டனைக் கைதி என்றால் சிறைக் கண்காணிப்பாளரிடம் அவசர விடுப்பு கேட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள். வி.ஏ.ஓ. சான்று கையில் இருந்தால் நல்லது. விசாரணைக் கைதி என்றால் அந்த விடுப்பு கிடையாது, நீதிமன்றத்தில்தான் இடைக்கால ஜாமீன் கேட்க வேண்டும். வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள். காவலில் இருப்பவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

முதல் தடவை போகிறேன். உள்ளே என்ன பேசுவது என்றே தெரியவில்லை, அக்கா.

நான் போன காலத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். சில சிறைகளில் இப்போது இன்டர்காம் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை நான் அழுதே நேரத்தைத் தீர்த்துவிட்டேன். இரண்டாம் தடவை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன்: ஜாமீன்தாரர் யார், வாய்தா என்றைக்கு, செருப்பு சைஸ் என்ன. வியர்வையில் மூன்றாவது அழிந்துபோனது. திரும்பும் வழியில் செருப்புக் கடையைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.