காரில் நாயும் பூனையும்

கேள்வி: கோடை விடுமுறைக்கு மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு காரில் போகிறோம். நாய் வழியெல்லாம் வாந்தி எடுக்கும், பூனை கத்தித் தீர்க்கும். என்ன செய்யலாம்?

பதில்: வண்டியின் ஆட்டம்தான் வாந்திக்குக் காரணம், நிறைவயிறு அதைக் கூட்டும். ‘வழியில் பசிக்குமே’ என்று கிளம்பும் நேரத்தில் தயிர்சாதம் வைக்காதீர்கள். கடைசி உணவு 4 மணி நேரம் முன்பே, அதுவும் பாதி அளவு. தண்ணீரை நிறுத்த வேண்டாம். அப்படியும் வாந்தி நிற்காவிட்டால், அதைத் தடுக்க மரோபிடன்ட் என்ற மாத்திரை இருக்கிறது. எடை பார்த்து கால்நடை மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துப் பார்க்காதீர்கள், பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

பூனையை மடியில் வைக்கவே கூடாது. மிரண்டால் பிரேக் பெடலுக்கு அடியில் போய் ஒளியும். பூனையை அடைத்துக் கொண்டுபோகும் மூடி போட்ட கூடையை ஒரு வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, அது படுக்கும் பழந்துணியை உள்ளே போடுங்கள். காரில் கூடையை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் அசையாமல் வைத்து, காற்றை அடைக்காமல் மெல்லிய துண்டு போர்த்தினால் கத்தல் குறையும். நாய்க்கு மார்புப்பட்டை போட்டு சீட் பெல்ட்டில் மாட்டுங்கள். கழுத்துப்பட்டையில் கட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து நெரியும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை மட்டும் இறக்குங்கள். கதவைத் திறக்கும் முன்பே கயிறு கையில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி ஏறிவிடும். சாப்பிட இறங்கினால் ஒருவர் ஏசியோடு வண்டியிலேயே இருங்கள்.