போட்டோக்களை அழித்தும் போனில் இடம் வரவில்லையா?

கேள்வி: என்னுடையது 64 ஜிபி ஆண்ட்ராய்டு போன். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டதாகத் தினமும் எச்சரிக்கை வருகிறது, வங்கி ஆப் அப்டேட் ஆக மறுக்கிறது. கேலரியில் முந்நூறு போட்டோக்கள் வரை அழித்துப் பார்த்தேன், பலன் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கிளீனர் ஆப் போட்டுக் கொடுத்தான். அதில் விளம்பரம்தான் வருகிறது. மகளின் சின்ன வயதுப் படங்கள், மறைந்த என் அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் இந்தப் போனில்தான் இருக்கின்றன. அவற்றை இழக்காமல் இடத்தை எப்படி மீட்பது?

பதில்: இதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து வேறு எதையும் அழிக்காதீர்கள். போனில் இருப்பவற்றில் சில, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியவை. சில, போனால் போனதுதான். இரண்டாவது வகையைப் பத்திரப்படுத்திவிட்டு, முதல் வகையில் மட்டும் கை வைக்க வேண்டும். பலரும் கண்ணில் முதலில் படுகிறது என்பதற்காகக் கேலரியில் தொடங்கி, இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

எனவே அப்பாவின் குரலிலிருந்தே தொடங்குவோம். வாய்ஸ் மெசேஜ்கள் மிகச் சிறிய ஃபைல்கள். பல நிமிடம் பேசியிருந்தாலும் சில எம்பி தாண்டாது. அவற்றை அழிப்பதால் ஒரு லாபமும் இல்லை. அப்பாவின் சாட்டைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'மோர்' என்பதில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுங்கள். மீடியாவோடு வேண்டுமா என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லி, கூகுள் டிரைவுக்கோ உங்கள் மின்னஞ்சலுக்கோ அனுப்பிக்கொள்ளுங்கள். உரையாடல் மிக நீளமாக இருந்தால் பழைய செய்திகள் விடுபடக்கூடும். ஆகவே வந்து சேர்ந்ததைத் திறந்து, முதல் பதிவு எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள். விடுபட்டவற்றைச் சாட்டில் அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து, 'ஷேர்' வழியாக டிரைவில் தனியாகப் போட்டுவிடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் இதை முடித்த பிறகு மற்றதையெல்லாம் பயமில்லாமல் செய்யலாம்.

அடுத்து, மகளின் படங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் கேபிளில் போனை இணைத்து, போன் திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டருக்குள் கேமராவில் எடுத்த எல்லாம் இருக்கும். அதைக் காப்பி செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். பாதியில் கேபிள் கழன்றால், கட் செய்ததில் சில படங்கள் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். காப்பி ஆனதும் அங்கும் இங்கும் சில படங்களையும் வீடியோக்களையும் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால், போனில் நேரடியாகச் செருகும் ஓடிஜி பென்டிரைவ் போதும். எதில் வைத்தாலும் இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். பென்டிரைவும் ஒருநாள் பழுதாகும்.

அந்த இன்னொரு இடம் கூகுள் போட்டோஸாக இருக்கலாம். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் படங்களை இழக்கிறார்கள். பேக்கப் ஆகிவிட்டதே என்று நினைத்து, கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை டெலிட் செய்தால், அது போனிலிருந்து மட்டும் போகாது, கூகுள் கணக்கிலிருந்தும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால், அந்த ஆப்பில் மேலே வலது ஓரம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் வரும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். பேக்கப் ஆனவற்றை மட்டும் அது போனிலிருந்து நீக்கும், கணக்கில் அப்படியே இருக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. 2021 ஜூன் முதல் தேதிக்குப் பின் ஏற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்கின்றன. வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதிலேயே சேர்கிறது. அது நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுவிடும். எனவே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுக்கும் முன், பேக்கப் முழுமையாக முடிந்ததா என்று அதே இடத்தில் பாருங்கள்.

சரி, முந்நூறு போட்டோ அழித்தும் இடம் ஏன் வரவில்லை? இரண்டு காரணம். இன்றைய போன்களில் அழித்த படம் உடனே அழிவதில்லை, டிராஷில் போய் உட்கார்ந்திருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள், ஆகாதது 30 நாள். சாம்சங் கேலரியிலும் 30 நாள். அதுவரை போனில் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். இது உங்களுக்கு நல்லதுதான். அவசரத்தில் மகளின் படம் ஏதாவது போயிருந்தால், டிராஷுக்குப் போய் 'ரீஸ்டோர்' கொடுத்து மீட்டுவிடலாம். முதலில் அதைப் பாருங்கள், பிறகு காலி செய்யுங்கள். இரண்டாவது காரணம், ஒரு போட்டோ 3, 4 எம்பிதான். முந்நூறு போட்டோ போனாலும் ஏறக்குறைய 1 ஜிபிதான் வரும். இடத்தைச் சாப்பிடுவது வீடியோ.

செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதியைத் திறந்தால், எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். 64 ஜிபியில் ஒரு கணிசமான பங்கை சிஸ்டமே எடுத்துக்கொண்டிருக்கும். அதை ஒன்றும் செய்ய முடியாது. மீதியில் நம் ஊர்ப் போன்களில் பெரும்பாலும் முதலிடம் வாட்ஸ்அப்புக்குத்தான்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. அங்கே 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக இருக்கும், பல முறை ஃபார்வர்டு ஆகி வந்தவையும் தனியாக இருக்கும். அந்த ஃபார்வர்டு குவியலை யோசிக்காமல் காலி செய்யலாம். கோயில் அபிஷேக வீடியோ, காலை வணக்கம், சமையல் குறிப்பு எல்லாம் நாளைக்கே வேறொரு குரூப்பில் திரும்ப வந்துவிடும். அதன் கீழே ஒவ்வொரு சாட்டும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற வரிசை இருக்கும். முதல் பத்து பெயர்களில் பெரும்பாலும் குரூப்களாகவே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து வீடியோக்களை மட்டும் நீக்கினாலே பல ஜிபி கிடைக்க வாய்ப்புண்டு. அப்பாவின் பெயர் வரிசையில் வந்தால் அதைத் தொடாமல் கடந்துவிடுங்கள்.

திரும்ப நிரம்பாமல் இருக்க, அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பக்கத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடு இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோவை எடுத்துவிடுங்கள். தேவையானதைத் தொட்டால் மட்டும் இறங்கட்டும். என்னைக் கேட்டால், இந்தப் பதில் முழுவதிலும் நீண்ட நாள் பலன் தருவது இந்த ஒரு மாற்றம்தான்.

அந்த கிளீனர் ஆப்பை இன்றே நீக்கிவிடுங்கள். இப்போதைய ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் கேச்சை, அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஃபைல்களை, தானாகத் தொட முடியாது. அதனால்தான் இந்த வகை ஆப்கள் பலவும் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கின்றன. அதைக் கொடுத்தால் திரையில் தெரிவதை அந்த ஆப் படிக்க முடியும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் முடியும். வங்கி ஆப் இருக்கும் போனில் இதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய், அதன் பெயர் இருந்தால் அணைத்துவிட்டு, பிறகு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சுத்தம் செய்ய உதவி வேண்டுமென்றால், கூகுளின் 'ஃபைல்ஸ்' ஆப் போதும். பெரிய ஃபைல்கள், ஒன்றே இரண்டாக இருப்பவை எல்லாவற்றையும் காட்டும், அழிப்பதா வேண்டாமா என்பதை உங்களிடம்தான் கேட்கும்.

கேச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கத்தில் 'கிளியர் கேச்', 'கிளியர் டேட்டா' என்று இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். சில போன்களில் இரண்டாவதை 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பார்கள். கேச்சை அழிப்பதில் ஆபத்தில்லை. ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்தத் திரும்பச் சேரும், அதனால் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாவை அழித்தால் ஆப் புதிதாகப் போட்ட நிலைக்குப் போய்விடும். யுபிஐ ஆப் என்றால் எஸ்எம்எஸ் சரிபார்ப்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப் என்றால் உரையாடல் அத்தனையும் போனிலிருந்து போய்விடும். வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னும் சில மூலைகள் உண்டு. யூடியூப், ஓடிடி ஆப்களில் எப்போதோ டவுன்லோடு செய்த படங்களை அந்தந்த ஆப்புக்குள் போய்த்தான் அழிக்க வேண்டும், கேலரியில் தெரியாது. டெலிகிராமின் கேச்சைத் தாராளமாக அழிக்கலாம். சாதாரண சாட்களில் உள்ளவை அவர்கள் சர்வரில் இருப்பதால் வேண்டும்போது திரும்ப இறங்கும். சில போன்களில் எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகும்படி இருக்கும். நான்கு வருட அழைப்புகள் சேர்ந்திருந்தால் அதுவே பெரிய அளவு. அழிக்கும் முன், அவற்றிலும் அப்பாவின் குரல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெமரி கார்டு போடும் வசதி இருந்தால், கேமரா படங்கள் நேராக அதில் சேரும்படி மாற்றலாம். நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குங்கள். மிக மலிவாகப் பெரிய அளவு என்று விற்பவற்றில் போலி அதிகம். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பதிவானவை கெட்டுப்போகும். வீடியோவை 4கே என்ற மிக உயர்ந்த தரத்தில் எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆப்பிள் ஐபோனுக்குத் தரும் கணக்கில், நொடிக்கு 60 பிரேம் எடுக்கும் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி, அதைவிடக் குறைந்த தரமான 1080பி 30 பிரேமில் என்றால் 60 எம்பியை ஒட்டி. ஆண்ட்ராய்டிலும் வித்தியாசம் இப்படிப் பெரிதாகத்தான் இருக்கும். வீட்டு நிகழ்ச்சிகளுக்கு 1080பி தாராளம்.

கடைசியில் 6 ஜிபி அளவுக்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் போன் மந்தமாகலாம். அப்டேட் இறங்கவும் விரியவும் தனியாக இடம் வேண்டும், உங்கள் வங்கி ஆப் மாட்டிக்கொள்வதும் அதனால்தான். இடம் வந்ததும் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்து அப்டேட் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வங்கியின் பெயரில் வரும் ஏபிகே ஃபைலையோ (ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்) லிங்கையோ வைத்து மட்டும் அப்டேட் செய்யாதீர்கள்.